திருமுறையிற் கயிறு சாத்தல்: பெண்ணாகடத்து நிகழ்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

இடுக்கண் வந்துற்ற காலத்தும், செய்யத்தக்கது இன்னதெனத் துணியமாட்டாது உள்ளம் அலமருங் காலத்தும், தம் நிலைக்குப் பொருந்திய திருப்பாட்டொன்று கிடைக்கப்பெறின் அதுவே பற்றுக்கோடாகும் எனக் கருதுதல் சைவ நன்மக்களிடை நெடுங்காலமாக நிலவும் வழக்கமாம். அவ்வாறு கருதுவார் திருமுறையை வழிபட்டு, மூடியவாறே இருக்கும் ஏடுகளினிடையே ஒரு கயிற்றினை நுழைத்து, அது புக்க இடத்தைத் திறந்து, ஆண்டுக் காணப்படுந் திருப்பாட்டினைத் தமக்கு அருளப்பட்ட விடையாகக் கொள்வர். இதனைக் கயிறு சாத்திப் பார்த்தல் என வழங்குவர். பனையேட்டுச் சுவடிகள் அருகி அச்சுநூல்கள் பெருகிய பின்னரும் இவ்வழக்கம் முற்றும் ஒழிந்திலது.

இதனைப் போற்றுவார் ஒருசாரார். குறிபார்த்தலோடு ஒப்பவைத்து இகழ்வார் ஒருசாரார். இருசாராரும் ஆராயாது விடுவதொன்று உண்டு. கயிறு சாத்திப் பெற்ற பாட்டு, பெற்றவனுடைய வாழ்க்கை இயங்குமாற்றை உள்ளவாறு காட்டுங் கண்ணாடியா? அன்றி, அவ்வாழ்க்கைக்குப் புறத்தே நின்று அதனை வேறொரு வழியிற் செலுத்தும் ஆணையா? இவ்வினா தெளிந்தாலன்றி, போற்றுதலும் இகழ்தலும் காரணமின்றிச் செய்யப்பட்டனவேயாம். ஆதலின், இவ்வழக்கத்திற்குத் தலைசிறந்த சான்றாகச் சைவவுலகம் எடுத்துக்காட்டும் பெண்ணாகடத்து நிகழ்ச்சியையும், ஆண்டுப் பெறப்பட்ட திருப்பாட்டினையும் சிறிது ஆராய்தல் பயனுடைத்தாம்.

முதற்கண், வழக்கின் இயல்பு நோக்கற்பாலது. சாத்துதல் என்பது இறைவன் திருமேனிக்கு மாலையும் பரிவட்டமும் அணிவித்தற்கு வழங்குஞ் சொல். அச்சொல்லையே ஏட்டினிடைக் கயிறு செலுத்துதற்கும் முன்னோர் வழங்கினர். திருமுறையை நூலென்று மட்டுங் கருதாது, வழிபடத்தக்க திருமேனியாகவே கருதினர் என்பது இதனாற் பெறப்படும். பூக்கட்டிப் பார்த்தலும் நம் நாட்டு வழக்கே. வெண்பூவும் செம்பூவும் வெவ்வேறு பொட்டலமாகக் கட்டித் திருமுன் இட்டு, ஒரு சிறுமகவை எடுக்கச்செய்து, ஆம் என்றோ அன்று என்றோ விடையறிவர். பூவின் விடை அவ்வளவில் முடியும். பொருள் ஆராய வேண்டுவது அதன்கண் யாதுமின்று. பாட்டோ அத்தன்மைத்தன்று. அது சொல்லும் பொருளும் உடையது. முன்னும் பின்னும் தொடர்புடையது. ஓதி உணர்ந்து ஒழுகுதற்கு உரியது. ஆகவே பூவெடுத்தார்க்கு இல்லாத கடப்பாடு பாட்டெடுத்தார்க்கு உண்டாகின்றது.

இவ்வழக்கிற்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்க செய்தி பெரியபுராணத்திலேயே காணப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார், 7ஆம் நூற்றாண்டில் மதுரையில் நிகழ்ந்த அனல்வாதத்தைக் கூறுமிடத்து, திருஞானசம்பந்தர் தம் திருமுறையினை வணங்கி எடுத்துக் காப்புநாணை நீக்கியபோது திருநள்ளாற்றுப் பதிகம் நேர்ப்பட்டது என்றும், அவ்வேடே அனலில் இடப்பட்டு வேவாது பசுமையுற்று விளங்கிற்று என்றும் உரைப்பர். அப்பதிகம் பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது அதுபற்றியே. ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. நேர்ப்பட்ட அப்பதிகம் மதுரை வாதத்தின்பொருட்டுப் பாடப்பட்டதன்று. அதற்கு முன்னரே நள்ளாற்றிற் பாடப்பட்டது. இது நம் நிலைக்கு ஏற்றதன்று, வேறொன்று எடுப்பாம் என்று பிள்ளையார் கருதினாரல்லர். நேர்ப்பட்டதனையே கைக்கொண்டு, நள்ளாற்றிறைவனையே மீண்டும் பாடி, அவ்வேட்டினையே தீயில் இட்டனர். ஏடு நிலைமையைக் காட்டுமென எதிர்பார்த்திலர். நிலைமையை ஏட்டின்கண் ஒப்புவித்தனர்.

பிற நாட்டாரும் பிற சமயத்தாரும் இதனையொத்த வழக்குடையர். பாரசீகர் ஹாபிஸ் என்னும் புலவர் பாடற்றொகையை விரித்துத் தம் எதிர்காலம் அறிய முயல்வர். நாஞ்சில்நாட்டிற்கு அயலதாகிய மலையாள நாட்டில், எழுத்தச்சன் இயற்றிய அத்தியாத்தும இராமாயணத்தைப் பகுத்து நோக்கும் வழக்கம் உண்டு. நூலைத் திறந்து ஏழு வரியும் ஏழெழுத்தும் நீக்கி, எஞ்சியதனைப் படித்துப் பயன் கூறுவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்த நாஞ்சில்நாட்டார்க்கு இவ்வழக்கம் புதியதன்று.

சீக்கியர் அமிர்தசரசிலுள்ள பொற்கோயிலில் நாடோறும் வைகறையில் தம் மறைநூலைத் திறந்து, அப்போது எதிர்ப்பட்ட பாடலை அன்றைக்குரிய கட்டளையாகக் கொள்வர். அவர் அதற்கு வழங்கும் பெயரும் கட்டளை என்னும் பொருளதே. கிறித்தவ சமயப் பெரியாராகிய அகுஸ்தீனார், 386ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் மனங்கலங்கியிருந்தபொழுது, எடுத்துப் படி என ஒரு மழலைக்குரல் கேட்டுப் பவுலடிகள் திருமுகத்தைத் திறந்தனர் எனத் தம் வரலாற்றில் தாமே எழுதியுள்ளார். அவர் கண்ணிற்பட்ட பகுதி அவர் அதுகாறும் ஒழுகிவந்த ஒழுக்கத்தை விடுகவென்று விதிப்பது. இவற்றுள் எதிர்காலம் அறிய விழைவார் வழக்கம் ஒருவகை. கட்டளை பெற விழைவார் வழக்கம் மற்றொருவகை. சைவர் கயிறு சாத்தல் இவ்விரண்டனுள் எவ்வகைப்படும் என்பதே வினா.

இனிப் பெண்ணாகடத்து நிகழ்ச்சியை நோக்குவாம். திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர் என்பார் நெடுநாள் மகப்பேறின்றி வருந்தி, தம் குலகுருவாகிய திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதரை அடைந்து தம் குறையை விண்ணப்பித்தனர். பண்டிதர் தேவாரத் திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்க்கத் திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகத்தின் இரண்டாந் திருப்பாட்டு எதிர்ப்பட்டது. அதன்கண் வெண்காட்டு முக்குளநீர் ஆடுவார்க்கு மகப்பேறு கூறப்பட்டிருத்தல் கண்டு, களப்பாளர் மனைவியாரோடு திருவெண்காடு சென்று, நாடோறும் சூரியன் சந்திரன் அக்கினி என்னும் மூவர் பெயரால் அமைந்த தீர்த்தங்களிலும் ஆடி இறைவனை வழிபட்டு வந்தனர்.

அப்பொழுது இறைவன் கனவில் தோன்றி, இப்பிறப்பில் நினக்கு மகப்பேற்றிற்குரிய ஊழ் இல்லை என்று அருள, களப்பாளர், அடியேன் என் ஊழினை நம்பி வந்தேனல்லேன், ஆளுடைய பிள்ளையார் திருவாக்கை நம்பி வந்தேன் என விண்ணப்பித்தனர் என்றும், அத்துணிவிற்கு மகிழ்ந்து இறைவன் மகவருளினன் என்றும் வரலாறு கூறுவர். பிறந்த மகவிற்குச் சுவேதவனப்பெருமாள் எனப் பெயரிட்டனர். அம்மகவே பின்னர்த் திருவெண்ணெய்நல்லூரில் மாமனார் மனையில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் அருளுபதேசம் பெற்று, பன்னிரண்டு சூத்திரங்களாலாகிய சிவஞானபோதத்தை உலகிற்கு வழங்கிய மெய்கண்டதேவர்.

இவ்வரலாறு பிற்காலத்தார் கட்டியது, மெய்கண்டார் நூலகத்து இதற்குச் சான்றில்லை என்பார் உளர். சிவஞானபோதச் சூத்திரங்களில் இச்செய்தி இன்மை உண்மையே. நூல்செய்வார் தம் பிறப்பு வரலாற்றைத் தத்துவநூலகத்து வைத்துக் கூறுதல் மரபன்மையின், அஃது இழுக்காகாது. ஆயினும் அந்நூலின் சிறப்புப்பாயிரம் ஆசிரியரைச் சுவேதவனன் என்னும் பெயராற் கூறுகின்றது. பெண்ணையாறு சூழ்ந்த வெண்ணெய்நல்லூர்க்கு உரியராகவும் அஃது அவரைக் குறிக்கின்றது. சுவேதவனம் என்பது வெண்காட்டின் வடமொழிப் பெயர். பிறந்த ஊராகிய பெண்ணாகடத்து இறைவன் பெயரும் அன்று; வளர்ந்த ஊராகிய வெண்ணெய்நல்லூர் இறைவன் பெயரும் அன்று. நடுநாட்டுப் பிள்ளைக்குச் சோழநாட்டுக் கடற்கரையை அடுத்த தலத்தின் பெயர் வந்தது எற்றுக்கு? பெற்றோர்க்கும் அத்தலத்திற்கும் ஒரு தொடர்பு இருந்தது என்பதனையன்றி வேறு காரணங் காட்டுதல் எளிதன்று. கயிறு சாத்திய செய்தியை அப்பெயர் ஒன்றே நிறுவாது என்பதும் உடன்வைத்து எண்ணற்பாலது. அது நிறுவுவது வெண்காட்டுத் தொடர்பின் உண்மையே. கயிறு சாத்திய செய்தி சந்தான மரபினர் வழிவழிக் கொண்டதாகலின், அம்மரபின் நம்பிக்கையாகவே அதனைக் கொண்டு பொருள் ஆராய்தல் தக்கதாம்.

இனித் திருப்பாட்டினை நோக்குவாம். அஃது இரண்டாந் திருமுறையில் 48ஆம் பதிகத்தைச் சார்ந்தது, பண் சீகாமரம். பதிகம் பதினொரு திருப்பாட்டுக்களை உடையது. அவற்றுள் மகப்பேறு கூறுவது இரண்டாந் திருப்பாட்டு ஒன்றே. மூன்றாவது இறைவன் அட்டமூர்த்தமாய், ஆணும் பெண்ணுமாய், பெருமையும் சிறுமையுமாய் நிற்றலைக் கூறும். ஐந்தாவது வழிபட்ட மறையவனைக் காலன் கையினின்றும் காத்தமை கூறும். ஏழாவது திருமாலுக்குச் சக்கரம் அளித்தமையும் வெள்ளானை வழிபட்டமையும் கூறும். கயிறு ஓரேடு முன்னோ பின்னோ சென்றிருப்பின், மகவு வேண்டினார்க்கு மகவென்னுஞ் சொல்லே இல்லாத பாட்டு எதிர்ப்பட்டிருக்கும்.

அவ்விரண்டாந் திருப்பாட்டு நான்கு செய்திகளை நிரல்படக் கூறுகின்றது. முக்குளநீர் தோய்வாரைப் பேய்முதலிய துன்பங்கள் அணுகா என்பது முதலாவது. அவர் மகவினோடு உள்ளத்து எண்ணியன எல்லாம் வரமாகப் பெறுவர் என்பது இரண்டாவது. இதன்கண் சிறிதும் ஐயுறல் வேண்டா என்பது மூன்றாவது. தோய்ந்தாரைத் தீவினை தோயாது என்பது நான்காவது. தோய்தல் என்னும் ஒரு சொல்லே நீருக்கும் வினைக்கும் மாறிவரத் தொடுக்கப்பட்டிருத்தல் காண்க. மகவைக் குறிக்குஞ் சொல் ஓடு உருபு ஏற்று நின்றமையும் நோக்கத்தக்கது. வரங்கள் பலவற்றொடு ஒருங்கு எண்ணப்பட்டதன்றி, மகவொன்றே அப்பாட்டின் முடிபாகாது. முடிபாக நின்றது தீவினை நீக்கமே.

பாட்டினை எடுத்தோதுவார் பெரும்பாலும் மகப்பேற்றினையே எடுத்தோதி, ஈற்றிலுள்ள தீவினை நீக்கத்தை வாளா விடுகின்றனர். அதனால் அப்பாட்டின் நுட்பமும் நிகழ்ச்சியின் பொருத்தமும் ஒருங்கே மறைகின்றன. கனவில் இறைவன் கூறிய தடை யாது? மகப்பேற்றிற்குரிய ஊழின்மை. அத்தடைக்கு விடை பாட்டின் ஈற்றிலேயே உளது. மகவில்லையென விலக்கியது வினை. தோய்ந்தாரை வினை தோயாது என்றது பாட்டு. பாட்டின் முற்பகுதியை மாத்திரம் நம்பி வந்திருப்பின், களப்பாளர் கனவுமொழி கேட்டவளவில் உளந்தளர்ந்து மீண்டிருப்பர். முழுப்பாட்டினையும் நம்பினமையானும், ஐயுறல் வேண்டா என்னும் இடைச்சொற்றொடரைத் தம்மை நோக்கிய ஆணையாகவே கொண்டமையானும் அவர் நிலைபெயராது நின்றனர்.

இதனாற் போதருவது யாது? களப்பாளர்க்குக் கிடைத்த பாட்டு அவர் வாழ்க்கையை உள்ளவாறு காட்டியதன்று. அவர் வாழ்க்கையில் அப்பொழுது மகவும் இல்லை. மகவிற்குரிய ஊழும் இல்லை. உள்ளதைக் காட்டும் பாட்டே வேண்டுமெனின், மகவின்மையை இரங்கிக் கூறும் ஒரு பாட்டு அவர்க்குப் பெரிதும் பொருந்தியிருக்கும். அதனைக் கண்டு, நம் நிலையை ஈதே அறிந்தது என நெஞ்சுருகி அழுது ஆறுதலும் எய்தியிருப்பர். ஆயின் அவ்வாறுதலோடு செய்தி முடிந்திருக்கும். கிடைத்த பாட்டோ அவர் வாழ்க்கைக்கு முற்றும் மாறுபட்டது. அம்மாறுபாட்டின்கண் நின்று அவர் பாட்டின் பக்கமே சார்ந்தனர். வாழ்க்கையை அளவாக வைத்துப் பாட்டினை அளந்திலர். பாட்டினை அளவாக வைத்து வாழ்க்கையை ஒப்புவித்தனர். ஆகவே கயிறு சாத்தல் கட்டளை பெறுவார் வழக்கமேயன்றி, எதிர்காலம் அறிவார் வழக்கமன்று என்பது தெளிவாம்.

அற்றேல், வினைப்பயன் நுகர்ந்தே தீரவேண்டும் என்னுஞ் சித்தாந்தத்தோடு இது மாறுபடாதோ எனின், மாறுபடாது. என்னை? வினை சடமாகலின் தானே வந்து உயிரைப் பற்றாது. செய்தானை அறிந்து பயனைக் கூட்டுவோன் இறைவன். இருவினைக்கு ஈடாக உயிர்களின் போக்குவரவு நிகழ்வது அவன் ஆணையாலே என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். கூட்டுவோன் அவனே ஆயின், மாற்றி அருளுதலும் அவனுக்கு உரியதே. வினையை விலக்கியது கயிறும் அன்று, ஏடும் அன்று. தன் பிள்ளை பாடிய சொல்லைப் பொய்யாகவிடாத அருளே. எனவே கயிறு சாத்தலைக் கோள்நிலை கணித்தலோடு ஒப்பக் கூறுதல் பொருந்தாது. அது வருவதனை முன்னறிவிப்பது; இஃது அருளை நோக்கி நிறுத்துவது.

இனி, இந்நிகழ்ச்சியில் மற்றொருவர் நிலையும் எண்ணற்பாலது. ஏட்டிற் கயிறு சாத்தியவர் சகலாகம பண்டிதர். அவர் தமக்கென யாதும் வினவினாரல்லர். மாணாக்கர் குறைக்கே விடை நாடினர். ஆண்டுகள் சில கழிந்தபின், வெண்ணெய்நல்லூரிற் சிறுபிள்ளையாகிய மெய்கண்டார் மெய்ந்நூற்பொருள் உபதேசித்து வருதலைக் கேட்டு ஆண்டுச் சென்று, ஆணவமலத்தின் இயல்பு யாது என வினவ, அப்பிள்ளையார் அவரை அடிமுதல் முடிகாறும் நோக்கினர். அந்நோக்கினால் தம் நிலையே வினாவிற்கு விடையாதலை உணர்ந்து, முதியராகிய பண்டிதர் பிள்ளையார் திருவடியில் வீழ்ந்து ஆட்பட்டு, அருணந்தி சிவாசாரியர் எனப் பெயர்பெற்றனர். சிவஞானசித்தியாரும் இருபா இருபஃதும் அதன் பின்னர் விளைந்தன.

பிறர்க்கென எடுத்த பாட்டினால் பிறர்க்கு மகவு கிடைத்தது; எடுத்தார்க்கு ஆசிரியர் கிடைத்தனர். ஏட்டினைத் திறந்த நாளில் பண்டிதர் தம்மைக் குருவென்றே கருதியிருந்தனர். தம் வாழ்க்கை முழுதும் மாறுதற்குரிய பாட்டினைத் தாமே வாசிக்கின்றார் என்பது அவர்க்குத் தோன்றியிராது. ஒரு பாட்டு ஒருவன் வாழ்க்கைக்கு உரியதாதல் அதனைக் கண்ட நொடியிலேயே அறியப்படும் என்பது பலர்க்கும் உள்ள எண்ணம். அருணந்தியார் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. உரிமை பின்னரே புலனாதலும் உண்டு. தனக்கென நாடாதவன்பால் வந்து அடைதலும் உண்டு.

இத்துணையும் கூறியது பேறு பெற்றார் செய்தி. பேறு பெறாதார் திறத்துச் சைவநூல்கள் யாது கூறும் என்பது வினவற்பாலது. திருவெண்காட்டில் முக்குளநீர் ஆடியும் மகவின்றி மீண்டவர் இலர் என யாரே துணிந்து கூறுவர்? அவரை நோக்கி, நும் அன்பு குறைந்தது எனக் கூறிவிடுதல் எளிது. அது புண்ணிற் கோலிடுவது போலுங் கொடுமையுமாம். அவர்க்குரிய விடை நம்பியாரூரர் வரலாற்றில் உளது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுற்றுப் பின் பிரிந்தமையால் ஆரூரர் கண்ணிழந்தனர். கண்வேண்டிப் பாடியவர் ஏனையோரல்லர், தேவார ஆசிரியருள் ஒருவரே. பாடிய பாட்டும் பிறர் பாட்டன்று, தம் வாழ்க்கையினின்றே அப்பொழுது எழுந்த பாட்டு. அங்ஙனமிருந்தும் திருவெண்பாக்கத்தில் அவர் பெற்றது கண்ணன்று, ஊன்றுகோல். பின்னர்க் காஞ்சியில் இடக்கண் பெற்றனர். திருவாரூரிலேயே மற்றைக்கண் பெற்றனர்.

தம் நிலையை முற்றும் உணர்ந்து பாடிய பாட்டிற்கே, அருளாளர்க்கே, முதலிற் கிடைத்தது கோலாயின், ஏனையோர்க்கு அதனின் மிக்கது உடனே கிடைத்தல் வேண்டும் என எங்ஙனம் வரையறுத்தல் கூடும்? அக்கோல் பயனற்றதும் அன்று. காஞ்சிவரை வழிநடத்தற்கு அது வேண்டுவதாயிற்று. வேண்டியது பெறாதார்க்குத் திருப்பாட்டு ஊன்றுகோலாக நிற்கும் என்பதே சைவ மரபு தரும் விடை. அதனை இழிந்ததெனக் கருதற்க. கண்பெற்றான் ஒருநாட் பாடி மறத்தலும் கூடும். கோல்பெற்றான் நாடோறும் அதனைப் பற்றியே நடப்பான்.

இவற்றை உளங்கொண்டு இக்காலத்து வழக்கினை நோக்கின், மூன்று குறைகள் புலனாகின்றன. முதலாவது, வேண்டும் பாட்டு வருந்துணையும் பன்முறை கயிறு சாத்துதல். மூன்றாமுறை வந்ததனை மகிழ்ந்து கொள்வான், முதலிரண்டனையும் பாட்டல்ல என விலக்கினானாவன். அவன் பெற்றது தன் விருப்பமேயன்றி விடையன்று. பெண்ணாகடத்தில் ஒருமுறையே சாத்தப்பட்டது. அதனையும் விருப்புடையார் சாத்தாது அவர் ஆசிரியர் சாத்தினர். விரும்புவான் கை ஏட்டினைத் தன்பாற் சாய்க்கும் என்பதனை முன்னோர் அறிந்திருந்தனர் போலும்.

இரண்டாவது, இன்ன குறைக்கு இன்ன பதிகம் என அட்டவணை வகுத்து, மருந்துச்சீட்டுப் போல வழங்குதல். திருக்கடைக்காப்புக்களிற் பயன் கூறப்பட்டிருத்தல் உண்மையே. ஆயின் அப்பயன் பதிகம் முழுதும் ஓதவல்லார்க்குக் கூறப்பட்டதாகும். பதினொன்றனுள் ஒன்றைப் பெயர்த்தெடுத்து, அவ்வொன்றனுள்ளும் ஒரு தொடரைப் பெயர்த்தெடுத்து, எஞ்சியவற்றை ஒழித்தல் முறையன்று. முன்னோரும் திரட்டியுள்ளனர் எனின், அவர் திரட்டிய முறை வேறு. அகத்தியர் தேவாரத்திரட்டு 25 பதிகங்களைக் கொண்டது, அவை முழுப்பதிகங்களே. தேவார அருள்முறைத்திரட்டு, உமாபதிசிவனார் அருளிய திருவருட்பயனின் பத்து அதிகாரங்களையும் தலைப்பாகக் கொண்டு திருப்பாட்டுக்களைத் தொகுத்தது. பதியின் நிலையும், உயிரின் நிலையும், இருளின் நிலையும், அருளின் நிலையும் அத்தலைப்புக்கள். திருமணத்தடை, கடன், வழக்கு என்பன அவற்றுள் இல்லை. உயிர் எந்நிலையில் நிற்கின்றது என்பதற்கே அவர் பாட்டு நாடினர். ஒருவனுக்கு இவ்வாண்டு எவ்வாறு செல்கின்றது என்பதற்கு அன்று.

மூன்றாவது இக்காலத்துப் புதிதாய் வந்தது. திருமுறை முழுதும் மின்னேடாக வந்துவிட்டமையின், வேண்டிய சொல்லைக் கைப்பேசியில் எழுதித் தேடின், அச்சொல் வரும் பாட்டெல்லாம் நொடியில் நிரலே வந்து நிற்கின்றன. ஆராய்ச்சியாளர்க்கு இது பேருதவியே. ஆயின் தன் நிலைக்குப் பாட்டு வேண்டுவான் இதனையே வழியாகக் கொள்ளின், தான் எழுதிய சொல்லையே திரும்பப் பெறுவன். மகவென எழுதினார்க்கு மகவென்னும் பாட்டு வரும். தீவினை நீக்கம் அவர் தேடாததாகலின் கண்ணிற்படினும் கருத்திற்படாது. தேடுதலில் வினாவுவோன் முற்படுகின்றான்; சாத்துதலில் ஏடு முற்படுகின்றது. இரண்டனையும் ஒன்றெனக் கருதல் பிழையாம்.

கோயில்களுக்குச் சிவப்புக்கல் பதித்த அணிகலன்கள் செய்தலிற் பேர்பெற்ற வடசேரியிற் பொற்கொல்லர் கைத்திறன் கண்டார்க்கு ஒன்று விளங்கும். பொன்னை உரைகல்லில் உரைத்தபின், கல்லின்மேற் படிந்த கீற்றை நோக்கி மாற்று இன்னதென்பர். மாற்றுக் குறையின், பொன்னைப் புடமிடுவரேயன்றிக் கல்லை மாற்றுவாரிலர். தனக்கு இசைந்த பாட்டு வருமளவும் ஏட்டினைப் புரட்டுவோன் செயல் பொன் குறைபட்டதற்குக் கல்லை மாற்றுவான் செயலோடு ஒக்கும். பாட்டோடு தன்னை உரைத்து, தன்கண் உள்ள குறை எவ்வளவிற்று எனக் கண்டு, அப்பாட்டு விதித்த வழியிற் செல்வானே கயிறு சாத்துதற்கு உரியன்.

ஆகலின், இவ்வழக்கத்தை மேற்கொள்வார் பெண்ணாகடத்து நிகழ்ச்சியினின்றும் கொள்ளத்தக்கன இவை. இயலுமேல் தன் விருப்பிற் கலவாத ஒருவர் கையாற் சாத்துக, ஒருமுறையே சாத்துக, வந்த திருப்பாட்டினை அதன் பதிகத்தோடும் தலத்தோடும் பண்ணோடும் பொருந்தவைத்து முழுதும் ஓதுக, அதன் ஈற்றடி யாது கூறுகின்றது என்பதனை முதற்கண் நோக்குக, அது செய்யச் சொல்வதனைச் செய்க. களப்பாளர் பாட்டினைக் கேட்டுத் தம் மனைக்கண் இருந்தாரல்லர். வெண்காடு வரை நடந்தனர், நீராடினர், தங்கினர், மறுக்கப்பட்டபோதும் நின்றனர். பாட்டு அவர்க்கு உரியதாயினது ஏட்டில் எதிர்ப்பட்ட பொழுதன்று. மறுமொழி கேட்டும் அவர் அதனைக் கைவிடாத பொழுதே.

எதிர்ப்பட்ட பாட்டு விளங்காதாயினும், வேண்டியதற்கு மாறாயினும் வருந்தற்க. விளங்கும்வரை ஓதுதலே அதற்குரிய வழிபாடு. கண் பெறுங்காறும் கோலினைப் பற்றி நடத்தல் நம்பியாரூரர்க்கே நேர்ந்தது ஆகலின், ஏனையோர்க்கு அது தாழ்வாகாது. திருவருள் அவ்வாறு நடப்பார்க்கு முன்னிற்பதாக.